ஒன்பதாம் வளைவுக்குச் சத்தம்

காவலூர்
9.6.2024

அன்புத் தம்பி தனசேகரனுக்கு,

அக்கா நதியா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வழக்கம்போல. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கோயம்புத்தூரில் வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று எழுது.

போன் இருக்க லெட்டர் எதற்கு என்பாய். ஞாயிற்றுக்கிழமை போன் அம்மாவுடையது. நடுவில் நான் கேம் என்று வாயைத் திறந்தால் போதும், "அந்தக் கருமத்தாலதான் அவன் பன்னெண்டாவதுல மார்க்கு கொறஞ்சான்" என்று பதினோரு வருஷத்துப் பழங்கதையை ஆரம்பித்துவிடும். இங்கே டவர் இருக்கிற லட்சணத்தில் பெரிய ஃபைலும் போகாது. அதனால் மெமரி கார்டை இந்தத் தாளில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். கார்டு தபாலில் போகிறதென்றால் கூடவே நாலு வரியும் போகட்டும். இனி கேம் விஷயமெல்லாம் இந்த வழியில்தான்.

என் இ-சேவை மையத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. ஆசையாக நம் 'ஹில் கோச்' கேமைப் போட்டேன், திறக்கவே மாட்டேன் என்கிறது. பழைய விண்டோஸில்தான் ஓடுமாம். செய்த வெளிநாட்டுக் கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள், கேட்க நாதியில்லை. எங்கேயோ பனிமலையில் ஓடிய பஸ்ஸை ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏற வைத்தோமே, ஏழு வருஷம் உட்கார்ந்து ரோடு போட்டு, மரம் நட்டு, பதினான்கு வளைவு வைத்தோமே, அத்தனையும் போச்சு. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பஸ் கேம் ரசிகர் குழுவில் கண்ணமங்கலம் ரஞ்சித்குமாரிடம் அழாத குறையாகச் சொன்னேன். "ரோடு உங்களுதுக்கா. புது எஞ்சின்ல மொதல்லேர்ந்து கட்டுங்க. எந்த எஞ்சின்னு அக்காவும் தம்பியும் பேசித் தீபாவளிக்குள்ள சொல்லுங்க. பஸ்ஸெல்லாம் நாங்க செஞ்சு தர்றோம்" என்றார். எஞ்சின் என்றதும் உன் மாமா காதைத் தீட்டிக்கொண்டு வந்துவிட்டார், பஸ் டிரைவர் அல்லவா. ரோட்டைக் காட்டுவது, சத்தம் போடுவது, சக்கரத்தைச் சுற்றுவது எல்லாம் அதுதான் செய்யும், அதன் மேல் நாம் கட்டுவோம் என்று விளக்கினேன். "அப்ப சேஸிஸ்னு சொல்லு" என்றார். அதுவும் சரிதான்.

என் ஓட்டு அன்ரியல் எஞ்சினுக்கு. அதில் யாரோ செய்த மலைப்பாதை வீடியோ ஒன்று பார்த்தேன், கார்டில் போட்டிருக்கிறேன். பனி ரோட்டில் இறங்கி மெல்ல நகர்கிறது, ஹெட்லைட் மஞ்சள் அதில் கரைகிறது. மார்கழி மாதத்து நம் மலையை அப்படியே கொண்டுவந்துவிடலாம். நீ சரி என்றால்தான் ஆரம்பிப்பேன். நீ இல்லாமல் அந்த ரோட்டில் நான் ஒரு மைல் கல்கூட நட்டதில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா நதியா


கோயம்புத்தூர்
23.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தனா வணக்கம். நான் நலம். மெஸ் சாப்பாடு பரவாயில்லை. மாமாவையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

அன்ரியல் வேண்டாம் அக்கா, கோடோ எஞ்சினை எடுப்போம். அது இலவசம், எடையும் குறைவு. அன்ரியல் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும், நம் ரசிகர்களில் பாதிப் பேரிடம் அது கிடையாது. அதைவிட முக்கியம், கோடோவில் நாம் வைக்கிற மரம், வளைவு, பஸ் ஸ்டாப் எல்லாம் ஃபைலில் வெறும் எழுத்தாகவே இருக்கும். நோட்பேடில் திறந்து வரிவரியாக வாசிக்கலாம். அன்ரியலில் பெரும்பாலும் பெட்டி பெட்டியாகப் படம் போட்டுக் கோடு இழுத்து இணைக்கிற வேலை. எனக்கு அது ஒத்துவராது.

இன்னொன்று, உன் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கிறது. அடுத்த தடவை டைப் செய்து கார்டிலேயே போட்டு அனுப்பு. இ-சேவை மையம் வைத்துக்கொண்டு யாராவது கையால் எழுதுவார்களா?

நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாய், கண் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிக்கொள். எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிகிறதா?

அன்புடன்
தனா


காவலூர்
8.7.2024

அடேய் தம்பி,

நாங்கள் நலம், நீ நலமா என்று ஒழுங்காகக் கேட்டுவிட்டுத் திட்ட ஆரம்பிக்கிறேன். மழை பெய்து சாமை விதைத்தாயிற்று. அம்மாவின் முழங்காலும் மழையோடு சேர்ந்துகொண்டது.

கோழி கிளறிய குப்பையா? ஊசியைப் பார்த்துச் சல்லடை சொன்னதாம், உனக்கு ஒரு ஓட்டை என்று. உன் லெட்டர் என் கையில்தான் இருக்கிறது. மூன்றாவது வரி நாலாவது வரி மேல் ஏறிப் படுத்திருக்கிறது. கடைசிப் பத்தி சரிந்து தாளை விட்டே இறங்கப் பார்க்கிறது. ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினாயா? நான் கையால்தான் எழுதுவேன், போ.

ஃபைல் எழுத்தாக இருந்தால் என்ன, கல்வெட்டாக இருந்தால் என்ன? ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்ப்பானா, நோட்பேடைப் பார்ப்பானா? பெட்டி போட்டுக் கோடு இழுப்பது ஒத்துவராது என்கிறாய். பம்ப் கம்பெனியில் பகல் முழுக்கக் கம்ப்யூட்டரில் படம் வரைகிறவன் பேசுகிற பேச்சா இது? என் மூஞ்சியைப் பார்த்துச் சொல், நான் பெரிய எஞ்சினைக் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று நினைக்கிறாயா? சான்றிதழ் பிரிண்ட் எடுக்கிறவளுக்கு விரலுக்கேத்த வீக்கம் போதும் என்று தோன்றிவிட்டதா?

சரி, சண்டை வேண்டாம். நானே அன்ரியலில் செய்து அனுப்புகிறேன். ஓட்டிப் பார், அப்புறம் சொல். பார்க்காமலேயே வேண்டாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. ஆலங்காயம் பஸ் அந்தத் திருப்பத்தில் வரும்போதே போர்டைப் படித்துவிடுவேன். உனக்கு எப்போதிருந்து டாக்டர் வேலை?

கோபத்திலும் பாசமுள்ள
அக்கா


கோயம்புத்தூர்
2.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் திட்டுக்குப் பயந்து இந்த முறை பிரிண்ட் எடுத்து அனுப்புகிறேன். பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும். ரூம் நண்பன் ஊருக்குப் போயிருந்தான், அவன் வந்த பிறகுதான் உன் லெட்டரைப் படிக்க முடிந்தது.

ஆபீசில் என்னை டிராயிங் பிரிவிலிருந்து மாற்றிவிட்டார்கள். பம்ப் வாங்கியவர்கள் போன் செய்தால் பதில் சொல்கிற வேலை. வரைவதைவிட நிம்மதி. அம்மாவிடம் சொல்லாதே, வேலையே போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

உன்னால் முடியாது என்று நான் எப்போது சொன்னேன்? எட்டாம் வகுப்பில் எனக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நீதான். செய்து அனுப்பு, ஓட்டுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். சத்தம் நிறைய வை. மாமாவை வண்டியில் போனை வைத்துப் பதிவு செய்யச் சொல். இரண்டாவது கியரில் முனகுவது, ஏர் பிரேக், ஹாரன், பள்ளிக்கூடத்து மணி, ஓடைத் தண்ணீர். பாறைக்குப் பக்கத்தில் ஹாரன் அடித்தால் திரும்பி வருமே, அந்த எதிரொலியைப் பழைய கேமில் நான் எழுதியிருந்தேன். அதைக் கட்டாயம் சேர். எப்படி என்று கார்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

கண் டாக்டரிடம் போனாயா? விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

தனா


காவலூர்
15.9.2024

என் அருமைத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் புது வேலை எப்படிப் போகிறது? அக்கா எழுதிய லெட்டரைப் படிக்க ரூம் நண்பன் எதற்கு வர வேண்டும், நம் குடும்பத்துத் திட்டெல்லாம் அவனுக்கும் வேண்டுமாமா?

தனா, முடித்துவிட்டேன்! மூன்று வளைவு செய்கிறேன் என்று உட்கார்ந்தவள் பதினான்கையும் செய்துவிட்டேன். மையத்தில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் இதே வேலைதான். வருமானச் சான்று வாங்க வந்த சாந்தம்மாள் அக்கா, "இன்னாம்மா, கம்ப்யூட்டர்ல நம்ம ரோடு போவுது!" என்று தன் வேலையை மறந்து நின்றுவிட்டார். மாமா ஒரு வாரம் போனை டாஷ்போர்டில் வைத்து எல்லாச் சத்தமும் பிடித்துக் கொடுத்தார். நீ சொன்ன எதிரொலியும் இருக்கிறது.

பனியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, நீயே பார். ஆறாம் வளைவில் ஆரம்பித்து பதினொன்று வரை. பனிக்கு மட்டும் பத்தொன்பது நாள் ஆனது. மாமா ஓட்டிப் பார்த்துவிட்டு, கேம் என்பதையே மறந்து வேகத்தைக் குறைத்து, தலையை நீட்டி ரோட்டைத் தேடினார். இதைவிட எனக்கு என்ன பரிசு வேண்டும்?

நீ ஓட்டுவது தானாகப் பதிவாகும்படி வைத்திருக்கிறேன். ஸ்டியரிங், பிரேக், ஹாரன் எல்லாம். அந்தக் கார்டைத் திருப்பி அனுப்பு, எங்கே எப்படி ஓட்டினாய் என்று நான் பார்க்க வேண்டும். பார்த்த பிறகும் வேண்டாம் என்று உனக்கு மனசு வருமா, பார்ப்போம்.

ஆவலோடு
நதியா


கோயம்புத்தூர்
5.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஓட்டினேன். இரண்டாவது கியர் சத்தம் பிரமாதம், மாமாவுக்குச் சொல். நாலாம் வளைவில் ஓடை வலது பக்கம் கேட்க வேண்டும், இடது பக்கம் கேட்கிறது. பள்ளிக்கூட மணி தூரத்திலிருந்து வருகிற மாதிரி இருப்பது நன்றாக இருக்கிறது. ஒன்பதாம் வளைவில் ஒரு சத்தமும் இல்லை. அங்கே ஏதாவது வை.

எஞ்சின் விஷயம். நான் நிறைய யோசித்தேன். உனக்கு அன்ரியல்தான் என்றால் அதிலேயே செய். ஆனால் நான் இதிலிருந்து விலகிக்கொள்கிறேன். கோபம் இல்லை. ஏன் என்று மட்டும் கேட்காதே. ரஞ்சித்குமாரிடம் பாதை உன்னுடையது என்று சொல்லிவிடு. பதிவான கார்டு இதோடு இருக்கிறது.

திருப்பத்தூர் போகும்போது கண்ணைக் காட்டு அக்கா. இத்தனை தடவை சொல்கிறேன்.

தனா


காவலூர்
12.10.2024

தனசேகரனுக்கு,

லெட்டர் கிடைத்தது. பத்தொன்பது நாள் செய்த பனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நன்றாக இல்லை என்றாவது எழுதியிருக்கலாம். ஓடை வலதா இடதா என்று கணக்குக் கேட்டிருக்கிறாய்.

ரஞ்சித்குமாரிடம் அன்ரியல் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்காதே என்றாய், கேட்கவில்லை. உன் கார்டையும் நான் திறக்கவில்லை.

நதியா


காவலூர்
24.11.2024

கண்ணு தனா,

இதை டைப் செய்து கார்டில் போட்டிருக்கிறேன். உன் போன் இதைப் படித்துக் காட்டட்டும். ரூம் நண்பன் வரும்வரை நீ காத்திருக்க வேண்டாம்.

எழுதும்போதே கண்ணில் தண்ணீர் நிற்க மாட்டேன் என்கிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நடந்ததைச் சொல்கிறேன். தீபாவளிக்கு நீ வரவில்லை. உன் கார்டு ஒரு மாதத்துக்கு மேல் மேசை டிராயரில் கிடந்தது. போன ஞாயிறு மழையில் பஸ் இல்லை, மாமா வீட்டில் இருந்தார். "கார்டை இன்னாத்துக்குப் பூட்டி வெச்சிருக்க? போடு, மச்சான் எப்படி ஓட்றான்னு பாக்கலாம்" என்றார். எனக்கு வீம்பு. அவரே எடுத்துப் போட்டுவிட்டார்.

நீ ஓட்டிய பஸ் ஏறுகிறது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன், ஒரு விநாடி நிற்கிறாய், அப்புறம் திருப்புகிறாய். மலைப்பாதையில் எல்லோரும் ஹாரன் அடிப்பார்கள், நான் ஒன்றும் நினைக்கவில்லை. ஆறாம் வளைவில் பனி வந்தது. மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேகம் கொறையல பாரு" என்றார்.

எட்டுவரை அதே வேகம். ஒன்பதில் ஹாரன் அடித்தாய். அங்கே இரண்டு பக்கமும் பாறை இல்லை, வெறும் பள்ளத்தாக்கு, சத்தம் திரும்பவில்லை. நீ நேராகப் போய் விழுந்தாய். மறுபடி ஆலங்காயத்திலிருந்து ஆரம்பித்தாய். மறுபடி ஒன்பதில் விழுந்தாய். பதினோரு தடவை, தனா. பதினோரு தடவையும் அதே இடம். பனி இருக்கிற இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒரே வேகம். இருபது வருஷமாக இந்த மலையில் வண்டி ஓட்டுகிறவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நதியா, மச்சான் கண்ணால ஓட்டல. காதால ஓட்றான்."

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. சரிந்த கையெழுத்து. பிரிண்ட் லெட்டர். டிராயிங் பிரிவை விட்டு மாற்றியது. எழுத்தாக இருக்கிற ஃபைல். வாசித்துக் காட்ட வைத்துக் கேட்கலாம் என்பதற்குத்தானேடா அந்த எஞ்சினைக் கேட்டாய்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அக்கா கையெழுத்து சரியில்லை என்று என் மேல் பழி போட்டாயே, படுபாவி. நான் உனக்குப் பனியைக் காட்டி, பார்த்தாயா பார்த்தாயா என்று கேட்டிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

ஒவ்வொரு லெட்டரிலும் என் கண்ணைப் பற்றி ஏன் கேட்டாய் என்றும் புரிந்தது. வியாழக்கிழமை வேலூர் போய்க் காட்டினேன். இரண்டு மணி நேரம் மருந்து விட்டுப் பார்த்தார்கள். என் விழித்திரையில் ஒரு குறையும் இல்லையாம், சீட்டை எழுத்துக்கு எழுத்து டைப் செய்து இதற்குக் கீழே போட்டிருக்கிறேன். உனக்கு வந்தது எனக்கும் வருமோ என்றுதானே பயந்தாய்? அந்தப் பயத்தை இன்றோடு விடு.

ரஞ்சித்குமாரிடம் கோடோ என்று மாற்றிச் சொல்லிவிட்டேன். "தீபாவளி முடிஞ்சு போச்சேக்கா" என்றார். "அடுத்த தீபாவளின்னு வெச்சுக்கப்பா" என்றேன். அன்ரியலில் செய்ததை மூடி வைத்துவிட்டேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய், ஒரு நாள் முழுக்க வருத்தம் இருந்தது. மறுநாள் போய்விட்டது. நீ இல்லாத ரோட்டில் நான் யாரை ஏற்றிக்கொண்டு போவேன்?

எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு தெரியவில்லை, டாக்டர் என்ன சொன்னார், எல்லாவற்றையும் எழுது. மறைத்தால் அடுத்த பஸ்ஸில் கோயம்புத்தூர் வந்து நிற்பேன்.

உன் அக்கா


கோயம்புத்தூர்
6.12.2024

அன்பு அக்காவுக்கு,

உன் லெட்டரை போன் படித்தது. படுபாவி, செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் ரயில் நிலையத்து அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தது. முதலில் சிரித்தேன். உன் கண் சீட்டு வந்த இடத்தில் போனை நிறுத்தினேன். மறுபடி மூன்று தடவை அதை மட்டும் வாசிக்க வைத்தேன். பத்து மாதத்துக்கு அப்புறம் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறைக்காமல் எழுதுகிறேன். நடுவில்தான் போயிற்று. ஓரமெல்லாம் தெரிகிறது. அதனால் தடுமாறாமல் நடப்பேன், யாருக்கும் தெரியாது. ஒருவர் முகத்தைப் பார்த்தால் காது தெரியும், முகம் தெரியாது. உன் கேமில் இரண்டு பக்கத்து மரமும் தெரிந்தது அக்கா, ரோடு மட்டும் இல்லை. முழுக்க இருட்டாகாது, ஆனால் போனது திரும்பாது என்கிறார்கள்.

பிப்ரவரியில் டாக்டர் முதலில் கேட்டது, அப்பா அம்மா சொந்தமா என்று. அம்மா தாய்மாமனைக் கட்டியவர் என்றேன். "கூடப் பொறந்தவங்க இருந்தா அவங்களையும் காட்டச் சொல்லுங்க" என்றார். நான் டாக்டர் வீட்டுப் படி இறங்கும்போது என் கண்ணைப் பற்றி நினைக்கவில்லை. நீ மையத்தில் உட்கார்ந்து சின்னச் சின்ன எழுத்தாகச் சான்றிதழ் அடிப்பதுதான் நினைவுக்கு வந்தது. நேராக எழுதக் கை வரவில்லை. சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் போல் இருந்தது.

அம்மாவுக்குச் சொல்லாததற்குக் காரணம் வேறு. கம்ப்யூட்டரால் வரவில்லை, கேமால் வரவில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அம்மா நம்புமா? "அவள்தான் அவனைக் கம்ப்யூட்டர்ல உக்கார வெச்சா" என்று உன்னைக் காலம் பூராவும் சொல்லும். சொந்தத்தில் கட்டியதால் என்று புரிந்தால் தன்னையே சொல்லிக்கொள்ளும். இரண்டுமே எனக்கு வேண்டாம்.

விலகிக்கொள்கிறேன் என்று எழுதிய அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஆபீசில் படம் வரைகிற வேலை போனதில் அவ்வளவு வலியில்லை. நாம் போட்ட ரோட்டிலிருந்து நானே இறங்கிக்கொள்வதுதான் தாங்கவில்லை. பதினோரு தடவை விழுந்தது அதனால்தான், ஒரு தடவையாவது மேலே போய்ச் சேர வேண்டும் என்று.

கோடோவில் பஸ் ஸ்டாப் வரிசையை நான் எழுதுகிறேன். போன் வாசிக்கும், நான் திருத்துவேன். மெதுவாகத்தான் வரும்.

தனா


காவலூர்
2.1.2025

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். குளிர் எலும்பைக் கடிக்கிறது. நீ எழுதிய பஸ் ஸ்டாப் வரிசையில் பிழையே இல்லை, நான் வைத்த மரங்களில்தான் இரண்டு நடுரோட்டில் நின்றன.

புதுப் பாதை இந்தக் கார்டில். படம் கொஞ்சம் எளிமைதான், இருக்கட்டும். ஓடையை வலது பக்கம் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சத்தம். இரண்டில் மாவு மில், ஐந்தில் ஆட்டு மணி, ஏழில் பள்ளிக்கூடம். பாதையில் இடது சக்கரம் மண்ணில் இறங்கினால் சரளைக்கல் சத்தம் இடது காதில் வரும். மாமாவைக் கண்ணைக் கட்டி ஓட்டச் சொன்னேன். மூன்று தடவை பள்ளத்தில் விழுந்துவிட்டு, "மச்சான் என்னைவிடப் பெரிய டிரைவரு" என்று ஒத்துக்கொண்டார்.

பனியை நான் விடவில்லை. ஆனால் வேறு மாதிரி வைத்திருக்கிறேன். சொல்ல மாட்டேன்.

ஒன்பதாம் வளைவுக்கு மட்டும் இன்னும் சத்தம் வைக்கவில்லை. அந்த இடத்தில் நிஜமாகவே ஒன்றும் இல்லை, வெறும் காற்று. பொய்யாக ஒரு கோயில் மணியை வைக்க மனசு வரவில்லை. பொங்கலுக்கு வா, சேர்ந்து யோசிப்போம்.

வரும்போது அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. நான் சொல்லவில்லை. என்னைத் திட்டினால் திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன். பெற்றவளுக்குத் தெரியாமல் பிள்ளைக்குக் கண் போகக் கூடாது.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா


கோயம்புத்தூர்
22.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள். கட்டிக் கொடுத்த சாமைப் பொங்கல் சேலம் தாண்டும் முன்பே தீர்ந்துவிட்டது. அம்மாவின் முழங்காலுக்கு மறக்காமல் தைலம் தேய்.

பொங்கலன்று நான் சொன்னபோது அம்மா கேட்டதே, அதை நினைத்தபடியேதான் பஸ்ஸில் வந்தேன். உன்னைத் திட்டும் என்று நினைத்தேன், திட்டவில்லை. அழும் என்று நினைத்தேன், அழவில்லை. புளி உடைத்துக்கொண்டே, "அந்தக் கேம்ல எங்கடா நீ வுழற?" என்று மட்டும் கேட்டது. ஒன்பதாம் வளைவு என்றேன். "ம்" என்றது. அவ்வளவுதான். சத்தம் என்ன வைப்பது என்று நீயும் நானும் யோசிக்க நேரமே கிடைக்கவில்லை. கிளம்பும்போது நீ கார்டைப் பையில் போட்டு, "ஊருக்குப் போய்ட்டு ஓட்டு" என்றாய். பொங்கல் அவசரத்தில் ஓட்டிப் பார்க்காமலே நான் ஊருக்குக் கொண்டுவந்த அதே கார்டுதான் என்று நினைத்தேன்.

நேற்று ஓட்டினேன். ஆலங்காயத்தில் ஏறினேன். மாவு மில், ஆட்டு மணி எல்லாம் சரியாக வந்தது. ஆறாம் வளைவு தாண்டியதும் எஞ்சின் சத்தம், ஓடை, ஹாரன் எல்லாம் கம்பளி போர்த்தியது போல் அடங்கிப்போனது. ஹெட்போன் கெட்டுவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, பனி. மார்கழியில் நம் ஊரில் சத்தம் அப்படித்தானே கேட்கும்! கால் தானாக பிரேக்குக்குப் போனது. வேகத்தைக் குறைத்தேன் அக்கா. போன அக்டோபரில் எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்: உன் பனி ரொம்ப அழகு.

ஒன்பதில் ஹாரன் அடித்தேன். திரும்பி வரவில்லை. விழப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே கொஞ்சம் முன்னால் போனேன். வலது காதுக்குப் பக்கத்தில் அம்மா கத்தியது:

"டேய் தனா! அங்க எங்கடா போற? பள்ளம்டா அது! இந்தாண்ட வா, இந்தாண்ட... ஆங், அப்டித்தான். போ."

எப்போது பிடித்தீர்கள் இதை? நான் குளிக்கப் போனபோதா? கேம் என்றாலே கருமம் என்கிற வாயை மைக் முன்னால் எப்படி உட்கார வைத்தாய்? அந்த "போ" இருக்கிறதே, பள்ளிக்கூடம் போகும்போது முதுகில் தட்டிச் சொல்கிற அதே போ. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தேன். பத்து, பதினொன்று, பதினான்கு. காவலூர் வந்து நின்றேன். முதல் தடவையாக மேலே வந்து சேர்ந்தேன்.

ரஞ்சித்குமாரிடம் சொல், ரோடு தயார், பஸ்ஸை அனுப்பச் சொல். அம்மாவின் சத்தத்தை எடுத்துவிட்டு வேறு ஏதாவது வைக்கலாம் என்று யாராவது சொன்னால், ஒன்பதாம் வளைவில் நம்மூரில் அப்படித்தான் கேட்கும் என்று சொல்லிவிடு.

இன்னொன்று. இதை அம்மாவிடம் மட்டும் சொல்லாதே. அப்புறம் நாலு தடவை வேண்டுமென்றே அந்தாண்ட போனேன்.

உன் தம்பி
தனா